செவி கேட்காத அறுபத்து மூன்று

உளுந்தோடையில் இனிப் பதினொரு வகை உயிர்கள்தான் மிச்சம் என்று செவி சொல்லிவிட்டது.

அந்தத் தாளைக் கொண்டுவந்தவர் சூப்பர்வைசர் சுடலைக்கண்ணு. வண்டியை வேலியோரம் நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே முற்றத்துக்கு வந்தார். முப்பிடாதி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். யார் வந்தாலும் அவள் நிற்கும் இடம் அதுதான். அம்மா ஆவுடையம்மாள் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்தாள்.

"பதினொண்ணுன்னா என்ன அண்ணாச்சி? கொறச்சலா?"

"நாப்பதுக்குக் கீழ போனாலே கொறச்சல்தான், மதினி. ரெண்டு வருசம் தொடர்ந்து கீழ இருந்தா அது செத்த தண்ணி. குழாய்க்குள்ள விட்டுருவாவ."

"ஓடுத தண்ணிய எதுக்குக் குழாய்க்குள்ள விடணும்?"

"வெயில்ல ஆவியாப் போயிருதுல்லா. பெரிய வறட்சிக்குப் பொறவு சொட்டுத் தண்ணிக்கும் கணக்கு. உயிரு இருக்க ஓடை மட்டும் வானத்தப் பாத்து ஓடலாம். சட்டம் நல்ல சட்டந்தான். அது இல்லன்னா எல்லா ஓடையும் எப்பவோ குழாய்க்குள்ள போயிருக்கும்." அவர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஏ பிள்ளே, பிடாதி! உள்ளதான நிக்க? வார வியாழக்கெழம சமுதாயக்கூடத்துல விசாரண. கம்பத்தத் துடைக்குதவ நீதான், நீயும் வரணும். பேசச் சொல்லுவாவ."

பேசச் சொல்வார்கள் என்று கேட்டதும் முப்பிடாதி கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். நின்றாள். எழுத்தெல்லாம் தெரிந்தது, குரல்தான் வரவில்லை. மணி அடிக்கும்வரை அப்படியே நின்றாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு ஆறு வருடம் ஆகிறது.

செவியைத் துடைக்கும் வேலை அவளுக்குப் பிடித்திருந்ததற்குக் காரணமே, அதில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதுதான். செவி என்பது ஓடைக்கரையில் நட்டிருந்த இடுப்புயரக் கம்பம். உச்சியில் சூரியத் தகடு, நடுவில் எண் காட்டும் சின்னத் திரை, தண்ணீரைத் தொடும் அடிப்பக்கம் ஒரு வலைக்கூடு. அந்தக் கூட்டைச் சுற்றி நாலு முழத்துக்குள் எது பறந்தாலும், எது நீந்தினாலும் அதன் அதிர்வை வைத்தே இன்ன வகை என்று சொல்லிவிடும். தினமும் காலையில் வலையைத் துடைக்க வேண்டும். பாசியோ எறும்போ அடைத்துக்கொண்டால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் சுடலைக்கண்ணுவுக்குத் திட்டு விழும். அவர் வந்து அவளைத் திட்டுவார்.

துடைத்து முடித்ததும் அவள் வீட்டுக்குப் போகமாட்டாள். ஓடையில் ஐம்பது அடி மேலே ஏறினால் ஒரு மருதமரமும் சரிந்த பாறையும் உண்டு. அங்கே குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்ப்பாள். பார்த்ததை எழுதுவாள். பள்ளிக்கூடத்து நோட்டுகளில் மிச்சமிருந்த பக்கங்கள் தீர்ந்து, மாதம் ஒரு நோட்டு வாங்கி, இப்போது அரிசி டிரம்முக்குப் பின்னால் முப்பத்தொரு நோட்டுகள் அடுக்கியிருந்தன. அம்மாவுக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு நோட்டு எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

பாறைக்குப் போய்ப் பார்த்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. பார்க்கும்போது அவள் வாய்க்குள் முணுமுணுப்பாள். அந்த முணுமுணுப்பு செவிக்குக் கேட்டுவிடுமோ, எங்கோ ஒரு அலுவலகத்தில் யாராவது கேட்டுச் சிரிப்பார்களோ என்று பயம்.

பதினொன்றா? அவள் டிரம்மை நகர்த்திக் கடைசி நோட்டை எடுத்தாள். போன மாதம் மட்டும் அறுபத்து மூன்று வகை எழுதியிருந்தாள்.

*

மறுநாள் மதியம் அம்மா வயலுக்குப் போனதும் எல்லா நோட்டையும் தரையில் பரப்பினாள். சுடலைக்கண்ணு தந்த தாளில் மூன்று வருடத்து எண்கள் மாதவாரியாக இருந்தன. முதலில் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, அறுபது. அப்புறம் ஒரு மாதத்தில் திடீரென்று முப்பத்தொன்று. அதற்கடுத்து இருபது. பிறகு ஏறவே இல்லை.

உயிர்கள் அப்படி ஒரே மாதத்தில் பாதியாகச் சாகுமா? வெள்ளமில்லை, வறட்சியில்லை. அந்த மாதத்து நோட்டைத் தேடி எடுத்தாள். விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றாள். இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்ட வரி.

'இன்றிலிருந்து வலைக்கு வேப்பெண்ணெய். எறும்பு வரவில்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை. உனக்கு நல்ல மூளை, பிள்ளே என்று சூப்பர்வைசர் சொன்னார்.'

அவளுக்கு நினைவிருந்தது. தலையில் பேன் விழுந்தால் அம்மா தேய்ப்பதும் கட்டில்காலுக்கு எறும்பு ஏறாமல் தடவுவதும் வேப்பெண்ணெய்தான். ஒரு துணியில் தொட்டு வலைக்கூட்டில் பூசிப் பார்த்தாள். அத்தோடு எறும்பு நின்றது, பாசிகூடக் குறைந்தது. அவள் ஆயுளில் ஒருவர் அவளைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

எழுந்து ஓடைக்கு ஓடினாள். இந்த முறை பாறைக்கு ஏறவில்லை. இரண்டரை வருடத்தில் முதல்தடவையாகச் செவியின் பக்கத்திலேயே குப்புறப் படுத்தாள்.

வலையைச் சுற்றித் தண்ணீரில் எண்ணெயின் மெல்லிய வானவில் படிந்திருந்தது. நீளக்காலை ஊன்றித் தண்ணீர்மேல் சறுக்கிவரும் பூச்சி ஒன்று வேகமாக வந்தது. வானவில்லின் விளிம்பில் சட்டென்று நின்றது. திரும்பிப் போய்விட்டது. இன்னொன்று வந்தது. அதுவும் அதே இடத்தில் திரும்பியது. நீல ஊசித்தட்டான் ஒன்று வலையின்மேல் உட்காரத் தாழ்ந்து, சுடுசட்டியைத் தொட்டதுபோல் எழும்பியது. நாலு முழத்துக்கு அப்பால் ஓடை கொண்டாட்டமாக இருந்தது. நாலு முழத்துக்குள் ஒன்றுமில்லை.

செவி பொய் சொல்லவில்லை. அதன் காதைச் சுற்றி இருந்ததை அது ஒழுங்காகத்தான் எண்ணியிருந்தது.

முப்பிடாதி அழவில்லை. பயம்தான் வந்தது. வேலை போகும் என்ற பயம் முதலில். அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால் என்ன என்ற நினைப்பு அதற்குப் பின்னாலேயே வந்தது. பக்கத்தைக் கிழித்துவிட்டு, எண்ணெயைக் கழுவிவிட்டு, பேசாமல் இருந்துவிட்டால்? விசாரணைக்கு நாலு நாள்தான் இருந்தது. எண்ணெய் ஊறிய வலை நாலு நாளில் சரியாகுமா?

*

புதன்கிழமை பேருந்து நிறுத்தத்தில் ரோஸ்மேரியைப் பார்த்தாள். பக்கத்து ஊர்த் தாழையோடைச் செவியைத் துடைத்தவள் ரோஸ்மேரி. தாழையோடை போன வருடம் குழாய்க்குள் போனது. ஓடை போனதும் துடைக்கும் வேலையும் போயிற்று. இப்போது விடியலில் பேருந்தேறி நாற்பது மைல் தள்ளி முந்திரி உடைக்கும் கம்பெனிக்குப் போய்வருகிறாள். விரல்நுனியெல்லாம் முந்திரிப்பால் பட்டுக் கறுத்துக் கிடந்தன.

"என்னளா, ஒங்க ஓடைக்கும் நாள் குறிச்சாச்சாமே?"

முப்பிடாதி தலையசைத்தாள்.

"நாளைக்கு நானும் வாரேன். லீவு போட்டுட்டேன். ஒண்ணும் நடக்காது. ஆனா ஒரு ஆளாவது எதுத்துப் பேசணும்லா? எங்க ஊருல அன்னைக்கு ஒருத்தரும் பேசல." ரோஸ்மேரி கூடையை இடுப்பு மாற்றினாள். "அந்தக் கம்பத்த எம்பிள்ள மாதிரி பாத்துக்கிட்டேன். நீ கண்டுபிடிச்சியே வேப்பெண்ண, சுடலைக்கண்ணு அண்ணாச்சி மீட்டிங்ல சொல்லித் தந்தாருல்லா, தெனமும் அதத்தான் தேய்ச்சேன். செவப்பு விளக்கு ஒரு நாள் எரிஞ்சதில்ல. அப்படிப் பாத்தும் செத்துப்போச்சு."

"மீட்டிங்லயா?"

"ஒனக்குத் தெரியாதா? அதுக்கு அவருக்கு சர்டிபிகேட்டு வேற குடுத்தாவ. 'சிறந்த பராமரிப்பு முறை'ன்னு. ஆபீசுல கண்ணாடி போட்டு மாட்டிருக்காரு. ஒம்பேரு அதுல இல்லியா?"

"இல்ல."

"நல்லா இருக்கு!" என்று ரோஸ்மேரி சிரித்தாள். "பாவம் நீ."

முப்பிடாதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து வந்தது. ஏறும்போது ரோஸ்மேரி கையசைத்தாள். பதிலுக்குக் கையசைக்க அவளுக்குக் கை எழவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். கிழிக்க முடிகிற பக்கமாக அது இப்போது இல்லை.

*

சமுதாயக்கூடத்தில் எழுபது பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஓடை ஆணையர் மெஹ்ருன்னிசா. ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர்.

"உளுந்தோடை பத்தி யாராவது சொல்லணும்னா சொல்லலாம்."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முப்பிடாதி எழுந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்பதாம் வகுப்பின் அதே அமைதி. யாரோ பின்னாலிருந்து, "ஏ பிள்ளே, சினிமாவா காட்டுத? உக்காரு" என்றார்கள். அவள் உட்காரவில்லை. நேராக நடந்துபோய் இரண்டு நோட்டுகளை மேசைமேல் வைத்தாள்.

ஆணையர் ஒன்றைத் திறந்தார். கண்ணாடியை இறக்கினார். நெடுநேரம் வாசித்தார். பிறகு அதைச் சுடலைக்கண்ணுவிடம் நீட்டி, "கொஞ்சம் சத்தமா வாசிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார்.

சுடலைக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"'ஐந்தாம் தேதி. கொத்தனார் வீட்டுக்கு இன்று இரண்டு புதுக்கல் வைத்தார்.' கொத்தனாரா? எந்தக் கொத்தனாரு?"

முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "புழு. குறுமணல ஒட்ட வச்சு, கூடு கட்டி, அதுக்குள்ளயே குடியிருக்கும்."

குரல் வந்துவிட்டது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"'தாவணிக்காரி மூன்று பேர் நாணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நீலம், இருவர் பச்சை.' இது தட்டானு, எனக்கே தெரியுது. 'தபால்காரர் தண்ணீர்மேல் நடந்து போனார், கால் நனையவில்லை. சூப்பர்வைசர்...'" அவர் நிறுத்தினார்.

"வாசிங்க" என்றார் ஆணையர்.

"'சூப்பர்வைசர் இன்றும் ஒரு வேலையும் செய்யாமல் ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் பளபளவென்று இருந்தது.'"

கூடம் அதிர்ந்தது. "ஏல, அண்ணாச்சியேதாம்ல!" என்று ஒருவர் தொடையைத் தட்டினார். ஆணையர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

"வண்டு" என்றாள் முப்பிடாதி, காதுவரை சிவந்து. "கறுப்பா, தண்ணி மேல சுத்தும். அண்ணாச்சி, மன்னிச்சிருங்க."

"நல்லா இரு, பிள்ளே" என்றார் சுடலைக்கண்ணு கரகரத்த குரலில். ஆனாலும் பக்கத்தைப் புரட்டினார். மாதக்கடைசியில் எழுதியிருந்த எண்ணை வாசித்தார். "அறுவத்து மூணு வகையாம். நாயன்மார் கணக்கா!"

சிரிப்பு அடங்கியதும் ஆணையர் பெருமூச்சு விட்டார். "அம்மா, அழகா எழுதியிருக்கீங்க. ஆனா சட்டத்துல மனுசங்க எண்ணினது செல்லாது. ஏன்னா மனுசங்க ஓடை மேல ஆசைப்பட்டும் எழுதுவாங்க, காசு வாங்கிட்டும் எழுதுவாங்க. அதனாலதான் செவி. செவி தப்புன்னு காட்டினா மட்டும்தான் நான் ஏதாவது செய்ய முடியும்."

"செவி தப்பில்ல" என்றாள் முப்பிடாதி. "நாந்தான் தப்பு."

இரண்டாவது நோட்டைத் திறந்து, இரட்டைக் கோடு போட்ட வரியைக் காட்டினாள். வேப்பெண்ணெய் பற்றிச் சொன்னாள். வானவில் விளிம்பில் திரும்பிப்போன பூச்சிகளைச் சொன்னாள். பாறைக்குப் போய் உட்கார்ந்ததால் இரண்டரை வருடம் கவனிக்கவில்லை என்றாள்.

"ஏன் செவி பக்கத்துல உக்காரல?"

"நான் முணுமுணுக்குறத அது கேட்டுரும்னு."

ஆணையர் நிமிர்ந்தார். "மனுசக் குரல் அதுல பதியவே பதியாதும்மா. வந்தவுடனே கழிச்சிரும். முதல்நாளே இதச் சொல்லித் தந்திருக்கணும், யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்டதில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்று முப்பிடாதி திரும்பினாள். ரோஸ்மேரி மூன்றாவது வரிசையில் இருந்தாள். "தாழையோடையிலயும் இதே எண்ணதான். அக்கா தேய்ச்சது. நான் கண்டுபிடிச்சது."

ரோஸ்மேரி மெல்ல எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

"இது ரெண்டு ஓடையோட நிக்குமா?" ஆணையரின் குரல் மாறியிருந்தது. "எத்தனை ஓடைக்குப் போச்சு இந்த முறை? தெரிஞ்சே மறைச்சீங்களான்னு விசாரிக்க வேண்டியிருக்கும், அம்மா. உங்க பேரு, வயசு சொல்லுங்க."

முப்பிடாதி வாயைத் திறக்குமுன் சுடலைக்கண்ணு நோட்டை மேசையில் வைத்தார்.

"அவ பேர எழுதாதீங்க மேடம். அது என் முறை."

"என்ன?"

"வேப்பெண்ண முறை. எம்பேருல சர்டிபிகேட்டு இருக்கு. ஆபீசுல கண்ணாடி போட்டு மாட்டிருக்கேன், வேணும்னா கழத்திட்டு வாரேன். இருபத்தாறு ஓடைக்கு நாந்தான் மீட்டிங்ல சொல்லித் தந்தேன். ஒம்போது குழாய்க்குள்ள போயிட்டு." அவர் முப்பிடாதியைப் பார்க்காமல் சொன்னார். "இந்தப் பிள்ளை பேரு எந்தத் தாளுலயும் இல்ல. அன்னைக்கு நாந்தான் போடல. இன்னைக்கு எதுக்குப் போடணும்?"

"அண்ணாச்சி, நோட்டுல இருக்கே" என்றாள் முப்பிடாதி.

"மனுசங்க எழுதுனது சட்டத்துல செல்லாதுன்னு மேடம் சொன்னாவளா இல்லியா? சும்மா இரு."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், உளுந்தோடைக்கு நாற்பது நாள் அவகாசம் என்றார். வலைக்கூட்டை மாற்ற வேண்டும், வெறும் தண்ணீர் தவிர எதுவும் படக்கூடாது. இருபத்தாறு ஓடையையும் மறுபடி பார்க்கும்வரை எந்தக் குழாயும் நீளாது.

*

முப்பத்தேழாவது நாள் உளுந்தோடைச் செவி ஐம்பத்து நான்கு காட்டியது.

சுடலைக்கண்ணுவுக்கு ஒரு வருடச் சம்பள உயர்வு போயிற்று. சர்டிபிகேட் இருந்த இடத்தில் கண்ணாடிச் சட்டம் மட்டும் தொங்கியது. முப்பிடாதிக்கு வேலை போகவில்லை. ரோஸ்மேரிதான் அவளோடு பேசவில்லை. பேருந்து நிறுத்தத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை முப்பிடாதி தனக்குரியதாகவே ஏற்றுக்கொண்டாள்.

எட்டாம் மாதம் தாழையோடையின்மேல் கிடந்த கான்கிரீட் பலகைகளைத் தூக்கினார்கள். குழாயிலிருந்து தண்ணீர் பழைய தடத்துக்குத் திரும்பியது. புதுச் செவி நட்டார்கள். பெயர்ப்பட்டியலில் ரோஸ்மேரிக்கு மறுபடி வேலை. ஆனால் திரை பூஜ்ஜியத்தில் நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம். ஒரு வருடம் இருட்டில் கிடந்த தடம். கல்லெல்லாம் வெளுத்து, வழவழவென்று, எலும்பு மாதிரி இருந்தது.

பதினேழாம் நாள் காலை முப்பிடாதி உளுந்தோடையைத் துடைத்துவிட்டுத் தாழையோடைக்கு நடந்தாள். ரோஸ்மேரி கரையில் உட்கார்ந்திருந்தாள். விரல்நுனிக் கறுப்பு பாதி உரிந்திருந்தது.

"எதுக்கு வந்த?"

"பாக்க."

"பாக்க இங்ஙன என்ன இருக்கு? பூச்சியம் இருக்கு, பாரு." சற்றுப் பொறுத்து ரோஸ்மேரி நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு. நின்னா எனக்குக் கழுத்து வலிக்குது."

முப்பிடாதி உட்கார்ந்தாள். தள்ளிப் போகாமல் செவியின் பக்கத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில். நோட்டை மடியில் திறந்தே வைத்தாள். தண்ணீர் வெளுத்த கற்களின்மேல் ஓடியது.

வெயில் ஏறி வந்தபோது எங்கிருந்தோ ஒரு கறுப்புப் புள்ளி பறந்துவந்து தண்ணீரில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே ஒரு சுற்று. இன்னொரு சுற்று. முதுகு வெயிலில் பளபளத்தது.

"அக்கா!" முப்பிடாதி கத்தினாள். ஆயுளில் அவ்வளவு சத்தமாக அவள் கத்தியதில்லை. "சூப்பர்வைசர் வந்துட்டாரு!"

ரோஸ்மேரி பதறிப்போய் எழுந்து சேலையைச் சரிசெய்தபடி பாதையைப் பார்த்தாள். பாதையில் யாருமில்லை. அப்புறம்தான் தண்ணீரைப் பார்த்தாள். வட்டம் மேல் வட்டமாகச் சுற்றும் அந்த வண்டைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

திரையில் பூஜ்ஜியம் அழிந்து ஒன்று வந்தது.

"இது வண்ட எண்ணுச்சா, ஒன்ன எண்ணுச்சா?" என்றாள் ரோஸ்மேரி.

"என்னைய எண்ணாதுக்கா" என்று முப்பிடாதி நோட்டில் தேதியைப் போட்டாள்.